கினிக்கோழி: அழகும் வாழ்வும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வெளியான நீல நெஞ்சுக் கினிக்கோழியின் வண்ணப்படம் வாசகர் பலரை எழுதத் தூண்டியிருக்கிறது. ஒரே கேள்வியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, இப்பறவைகளை வளர்ப்போருக்கும் வளர்க்க எண்ணுவோருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இம்முறை விடை தருகிறேன்.

கேள்வி (வாசகி, மானிப்பாய்): எங்கள் வளவில் சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளுள்ள கினிக்கோழிகள் பல வருடங்களாக நிற்கின்றன. படத்திலிருந்த பறவைக்கோ நீல நெஞ்சும் மொட்டைத் தலையும் இருந்தன. அது நிறம் மாற்றி உருவாக்கப்பட்ட வளர்ப்புப் பறவையா, அல்லது வேறொரு இனமா?

பதில்: வேறொரு இனந்தான். கினிக்கோழிகள் அனைத்தும் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில், உங்கள் வளவில் நிற்கும் கவசக் கினிக்கோழி ஒன்று மட்டுமே நெடுங்காலத்துக்கு முன்பே மனிதரால் பழக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. பண்டைய எகிப்தியரின் சித்திர எழுத்துகளில் இப்பறவைக்கென ஓர் உருவம் உண்டு. கிரேக்கரும் உரோமரும் இதை வளர்த்தார்கள். பிற்காலத்தில் போர்த்துக்கேயர் மேற்கு ஆபிரிக்காவின் கினிக் கரையிலிருந்து இதை மீண்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். மெலியாகர் என்ற வீரன் இறந்தபோது அழுது ஓயாத அவனுடைய சகோதரிகளைத் தேவதை இப்பறவைகளாக மாற்றினாள் என்றும், அவர்களுடைய கண்ணீர்த் துளிகளே இறகிலுள்ள வெண்புள்ளிகள் என்றும் கிரேக்கரின் பழங்கதை கூறுகிறது. நுமிடா மெலியாகிரிஸ் என்ற இதன் அறிவியற் பெயரில் அந்த வீரனின் பெயர் இன்றும் இருக்கிறது.

படத்தில் நீங்கள் கண்டது கழுகுக் கினிக்கோழி. அறிவியலார் அக்ரில்லியம் வல்ச்சுரினம் என்பர். கினிக்கோழிகளுள் உடலாற் பெரியது இதுவே. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 61 முதல் 71 சென்ரிமீற்றர் வரை வளரும். எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளின் வரண்ட முட்புதர்க் காடுகள் இதன் இடம். கவசக் கினிக்கோழியின் உச்சியில் எலும்பாலான கவசமும் அலகோரத்தில் தொங்கும் தாடிச் சதையும் இருக்கும். கழுகுக் கினிக்கோழிக்கு அவ்விரண்டும் இல்லை. சிறிய தலையும் மெல்லிய நெடுங்கழுத்தின் மேற்பகுதியும் இறகின்றி நீலஞ்சார்ந்த சாம்பல் நிறத் தோலாக இருக்கும். பிடரியில் மட்டும் ஒரு காதிலிருந்து மறு காதுவரை செம்மண் நிறத்தில் குறுந்தூவி படர்ந்திருக்கும். கண் சிவப்பு. இந்தத் தலையமைப்பைப் பார்த்துத்தான் கழுகின் பெயரைச் சேர்த்தார்கள். ஆனால், பிணந்தின்னும் பழக்கம் இதற்குக் கிடையாது.

கழுத்தின் அடியிலிருந்து தொடங்கும் அழகை எழுத்தில் கொண்டுவருவது கடினம். கறுப்பும் வெள்ளையும் நீலமும் நீளவாக்கில் கோடிட்ட ஒடுங்கிய இறகுகள், குருத்தோலைத் தோரணம் போலத் தோள்வரை தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே நெஞ்சு முழுவதும் ஆழ்ந்த நீலம். உடலின் மற்றப் பாகம் கறுப்பு. அதன்மீது நுண்ணிய வெண்புள்ளிகள். சிறகு மடிந்திருக்கையில் அதன் ஓரத்தில் மங்கலான ஊதாக் கரையொன்று தெரியும். வாலின் நடு இறகுகள் நீண்டு தாழும். குஞ்சுகளுக்கு இந்த நிறங்கள் எவையும் இல்லை. மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்பும் சாம்பலுமாகவே அவை வளர்ந்து, பின்னரே நீலம் பெறும். தரையில் கூடுவைக்கும் பறவையின் குஞ்சுக்கு அந்த மங்கல் நிறமே காப்பு.

கேள்வி (வாசகர், கொக்குவில்): தலையில் சுருண்ட மயிர் போன்ற கொண்டையுள்ள கினிக்கோழியும் உண்டென்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றியும் எழுதுவீர்களா?

பதில்: கொண்டைக் கினிக்கோழி என்பது அது. கறுப்பு உடலில் நீலம் கலந்த வெண்புள்ளிகளும், உச்சியில் கறுத்துச் சுருண்ட இறகுக் கொண்டையும் கொண்டது. கென்யாப் பகுதியிலுள்ளவற்றுக்குக் கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் சிவந்த தோல் இருக்கும். கழுகுக் கினிக்கோழி வரண்ட நிலத்துப் பறவை. இதுவோ மரஞ்செறிந்த காடுகளுக்கும் அடர்ந்த பற்றைகளுக்கும் உரியது. குரங்குக் கூட்டம் மரத்தில் பழம் பறித்துத் தின்கையில், கீழே விழும் பழங்களுக்காக இப்பறவைகள் அக்கூட்டத்தின் அடியில் நடந்து திரிவது ஆபிரிக்கக் காடுகளில் பலரும் கண்ட காட்சி. இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு இனத்தின் கொண்டை சுருளாமல் நேராக நிமிர்ந்து நிற்கும். இவை தவிர, மேற்கு ஆபிரிக்க மழைக்காடுகளில் வெண்ணெஞ்சுக் கினிக்கோழியும், மத்திய ஆபிரிக்கக் காடுகளில் கறுப்புக் கினிக்கோழியும் உள்ளன. வெண்ணெஞ்சுக் கினிக்கோழி காடழிப்பாலும் வேட்டையாலும் அருகிவருகிறது.

கேள்வி (வாசகர், நெல்லியடி): முற்றத்துக்கு அழகாக ஒரேயொரு கினிக்கோழியை வளர்க்க விரும்புகிறேன். தனியாக நிற்குமா?

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்யவேண்டாம். இம்மாதம் வந்த கேள்விகளுள் இதற்கே நான் விரிவாக விடை எழுத விரும்புகிறேன். ஏனெனில், அழகுக்காகப் பறவை வாங்குவோர் பலரும் இறகைப் பார்க்கிறார்களே தவிர அப்பறவையின் வாழ்வைப் பார்ப்பதில்லை. கினிக்கோழியின் வாழ்வு முழுவதும் கூட்டத்தில் நடப்பது. விடிந்ததும் மரத்திலிருந்து ஒன்றாக இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நடந்து, ஒன்றாக மேய்ந்து, ஒன்றாக மண்குளித்து, பொழுதுபட ஒன்றாக மரமேறுவது அதன் வழக்கம். காட்டிலுள்ள கவசக் கினிக்கோழிகள் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் தூரமும் நடக்கக்கூடியவை. ஆபத்து வந்தால் முதலில் ஓடும்; மிக நெருங்கினால் மட்டும் சடாரென எழுந்து, சிறிது தூரம் பறந்து மீண்டும் தரைக்கு வரும். கூட்டத்தை விட்டுப் பிரிந்த பறவை நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் ஓடிக் கத்துவதை, இவற்றை வளர்த்தவர்கள் எல்லோரும் அறிவர். தனியே விடப்பட்ட ஒரு பறவைக்கு அந்த ஓட்டமும் கத்தலும் நாளாந்த வாழ்வாகிவிடும்.

கழுகுக் கினிக்கோழியின் கூட்டுவாழ்வு இன்னும் நுணுக்கமானது. யேர்மனியின் மக்ஸ் பிளாங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கென்யாவின் ம்பாலா ஆய்வு நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் நானூறுக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு அடையாள வளையமிட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் சில பறவைகளுக்கு இடங்காட்டும் கருவி பொருத்தி, பல பருவங்களுக்குத் தொடர்ந்து கவனித்தார்கள். 2019இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, அப்பறவைகள் 18 கூட்டங்களாக வாழ்ந்தன. ஒரு கூட்டத்தில் 13 முதல் 65 வரை பறவைகள் இருந்தன. கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மேய்ந்தாலும், பிரியும்போது ஒவ்வொரு பறவையும் தன் கூட்டத்துடனேயே சென்றது. அதைவிட வியப்பானது, ஒரு கூட்டம் எல்லாக் கூட்டங்களுடனும் சேரவில்லை. தனக்கு விருப்பமான சில கூட்டங்களுடன் மட்டுமே அடிக்கடி சேர்ந்தது. இத்தகைய பல படிநிலைச் சமூகம் மனிதர், சில குரங்குகள், யானைகள் போன்ற பெரிய மூளையுள்ள உயிர்களுக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்டிருந்தது. சிறிய மூளையுள்ள ஒரு பறவையிடம் அதைக் கண்டது அறிவியலாரைத் தம் கருத்தை மீள ஆராய வைத்தது.

அடுத்த ஆண்டு அதே ஆய்வுக்குழு வெளியிட்ட இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நல்ல தீன் உள்ள இடத்தை வலிமை மிக்க சேவல்கள் கைப்பற்றி மற்றவற்றை விரட்டும்போது, விரட்டப்பட்டவை அவ்விடத்தை விட்டு நகரத் தொடங்குகின்றன. அவை நகர்ந்ததும் வலிமையுள்ள சேவல்களும் தீனை விட்டு அவற்றைப் பின்தொடர வேண்டியதாகிறது. கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்பது எந்தச் சேவலுக்கும் ஆபத்து. ஆகவே, அடுத்து எங்கே போவது என்பதைப் பல வேளைகளில் தாழ்ந்த நிலையிலுள்ள பறவைகளே தீர்மானிக்கின்றன.

இத்தகைய உயிரை ஒற்றையாக முற்றத்தில் நிறுத்துவது அதற்கு இழைக்கும் கொடுமை என்பதே என் உறுதியான கருத்து. எந்தக் கினிக்கோழியானாலும் ஐந்தாறுக்குக் குறையாமல் வளர்க்க இயலுமானால் மட்டும் வாங்குங்கள். அதற்கு இடமில்லையென்றால், வேறு வளவொன்றில் அவை கூட்டமாக மேய்வதைப் போய்ப் பாருங்கள். உண்மையில் அவற்றின் அழகு அங்கேதான் முழுமையாகத் தெரியும்.

கேள்வி (வாசகி, சாவகச்சேரி): சேவலையும் பேட்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: வளவுக் கினிக்கோழியில் குரலே நம்பத்தக்க அடையாளம். பேடு இரண்டு அசையாகக் கூப்பிடும். இரண்டாவது அசை மேலெழும். சேவலுக்கு இந்த ஈரசைக் குரல் வராது. அது ஒற்றை அசையையே விடாமல் திரும்பத் திரும்பக் கத்தும். கலவரப்பட்டால் பேடும் ஒற்றை அசையில் கத்தும் என்பதால், அமைதியான நேரத்தில் சற்றுக் காத்திருந்து கேட்கவேண்டும். குஞ்சு பொரித்து ஏறத்தாழ இரண்டு மாதமாகும்போது இந்த வேறுபாடு கேட்கத் தொடங்கும். முதிர்ந்த சேவலின் தாடிச் சதை பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்கும். கவசமும் சற்று உயர்ந்திருக்கும். கழுகுக் கினிக்கோழியில் இறகு நிறத்தால் வேறுபாடு காண இயலாது. பேடு சற்றுச் சிறியது, அதன் காலிலுள்ள முள்ளும் சிறியது.

கேள்வி (வாசகர், வேலணை): எங்கள் கினிக்கோழிகள் கத்துவதாக அயலவர் முறைப்படுகின்றனர். கத்தாமற் பழக்கலாமா?

பதில்: இயலாது. அவற்றின் காவல் அந்தக் குரலிலேயே தங்கியிருக்கிறது. அயல்வீடு நெருங்கியிருக்கும் ஒழுங்கைகளில் இவற்றை வளர்க்காமலிருப்பதே அயலவருக்குச் செய்யும் மரியாதை. ஏற்கெனவே வளர்ப்போர் கூட்டை வளவின் கோடிப்பக்கத்துக்கு மாற்றி, தெருநாய் நுழையாதபடி வேலியை அடைத்தால் வீண் கூச்சல் ஓரளவு குறையும்.

கேள்வி (வாசகர், அச்சுவேலி): கினிக்கோழி நிற்கும் வளவுக்குப் பாம்பு வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: வராது என்று சொல்ல முடியாது. பாம்பைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்து நின்று பெருங்குரலில் கத்தும். அதனால் வீட்டார் எச்சரிக்கையாவார்கள். சிறிய பாம்புகளைக் கொத்திக் கொல்வதும் உண்டு. எனினும், இரவில் மரத்தில் உறங்கும் பறவை இரவில் ஊரும் பாம்பிலிருந்து உங்களைக் காக்க மாட்டாது. ஆகையால், பனங்கொட்டைக் குவியலையும் விறகுக் குவியலையும் வீட்டுச் சுவரோரம் வைத்துவிட்டுக் கினிக்கோழியை நம்பியிருக்க வேண்டாம்.

பூச்சிகளைப் பொறுத்தவரை இவற்றின் பயன் மெய்யானது. வெட்டுக்கிளி, கறையான், வண்டு, புழு என நாள் முழுவதும் பொறுக்கும். உண்ணிகளையும் தின்னும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் நடந்து 1992இல் வெளியான ஆய்வொன்று, இவை மேய்ந்த புற்றரைகளில் முதிர்ந்த உண்ணிகள் குறைந்ததைக் காட்டியது. ஆனால், மிகச் சிறிய இளம் உண்ணிகள் அவ்வாறு குறைவதில்லை என்று பின்னைய ஆய்வு கூறியது. கோழிகளைப் போல மண்ணை ஆழக் கிளறாததால் தோட்டத்துப் பயிருக்கு இவற்றால் வரும் சேதம் குறைவு. புதிதாக விதைத்த பாத்தியில் மட்டும் விடாதீர்கள். விதையைத் தேடித் தின்றுவிடும்.

கேள்வி (வாசகி, கரவெட்டி): பேடு முட்டையிட்டும் அடைகிடக்கவில்லை. பொரித்த சில குஞ்சுகளும் மாரியில் இறந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் இப்பறவையின் இயல்பிலிருந்து வரும் இடர்கள். கினிக்கோழி பருவத்தில் மட்டும் முட்டையிடும்; அதுவும் பற்றைக்குள்ளோ வேலியோரப் புல்லுக்குள்ளோ மறைவாகத் தரையில் குழித்து இடும். பல பேடுகள் ஒரே குழியில் இடுவதும் வழக்கம். முட்டை சிறியது, பழுப்பு நிறமானது, ஓடு மிகத் தடித்தது. நாம் தினமும் முட்டையை எடுத்துவிட்டால் பேடு இடத்தை மாற்றிவிடும். சிலவற்றை விட்டு எடுப்பது நல்லது. காட்டில் நன்றாக அடைகிடக்கும் இனமாயினும், வளர்ப்புப் பேடு சிறு குழப்பத்துக்கும் அடையை விட்டெழும். ஆதலால், அமைதியான ஊர்க்கோழிப் பேடு ஒன்றின் கீழ் 12 முதல் 15 முட்டைகள்வரை அடைவைப்பதே நம்மூருக்குப் பொருத்தமான முறை. கோழிமுட்டை 21 நாளில் பொரிக்கும்; கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாள்வரை வேண்டும். அடைக்கோழி பொறுமையிழக்காமலிருக்க அதற்குத் தீனும் நீரும் அருகிலேயே வையுங்கள்.

குஞ்சு இறப்பதற்கு முதன்மைக் காரணம் ஈரம். வரண்ட புல்வெளியில் பிறக்கும்படி அமைந்த குஞ்சு அது. நனைந்த புல்லில் தாயின் பின்னால் நடந்தாலே குளிர்பிடித்துச் சாகும். கார்த்திகை மாரியில் பொரிக்கும்படி அடைவைக்காதீர்கள். தைக்குப் பின் வெயில் ஏறிய காலத்தில் பொரித்தால் பெரும்பாலானவை தப்பும். முதல் ஆறு கிழமைக்கு உலர்ந்த கூட்டில், மின்குமிழின் சூட்டில், சாக்கு விரித்து வையுங்கள். வழுக்கும் பத்திரிகைத்தாளில் விட்டால் கால் அகன்று முடமாகிவிடும். நீர்ப் பாத்திரம் மிக ஆழமற்றதாக இருக்கவேண்டும்; அதில் சிறு கற்களைப் போட்டுவைத்தால் குஞ்சு மூழ்காது. சாதாரண கோழிக் குஞ்சைவிட இவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். குஞ்சுத் தீனில் 24 முதல் 26 வீதம் புரதம் இருப்பது நல்லது. கிடைக்கும் தீனில் அது குறைவாயின் அவித்த முட்டையும் கறையானும் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடித்துப் போடும் பழைய வழக்கம் இவற்றுக்கு மிகவும் ஏற்றது. இரத்தக் கழிச்சல், இராணிக்கெட் ஆகிய நோய்கள் இவற்றையும் தாக்குமாதலால், தடுப்பூசி பற்றி உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி (வாசகர், இணுவில்): ஊர்க்கோழியும் கினிக்கோழியும் கலந்தால் குஞ்சு பிறக்குமா?

பதில்: அரிதாகப் பிறக்கும்; ஆனால் அந்தக் கலப்புப் பறவை மலடாக இருக்கும். அதனை நோக்கமாகக் கொண்டு வளர்ப்பதில் பயனில்லை.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): கழுகுக் கினிக்கோழிச் சோடியொன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க விரும்புகிறேன். எங்கள் வெயிலுக்கு நிற்குமா?

பதில்: வெயிலுக்கு நிற்கும். நீர் அரிதான முட்காட்டில் வாழும் பறவைக்குக் குடாநாட்டின் கோடை புதிதன்று. ஆனால், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வாரக்கணக்கில் நீடிக்கும் ஈரத்தை அது அறியாது. கூரையிட்ட, உயர்ந்த மணல் தரையுள்ள, உறங்க உயரமான கொம்புகள் வைத்த பெரிய கம்பிக்கூடு இல்லாமல் அம்மாதங்களை அதனால் நலமாகக் கடக்க முடியாது. மேலே நெல்லியடி வாசகருக்குச் சொன்ன காரணத்தால் ஒரு சோடி போதவும் மாட்டாது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் தனிமைப்படுத்தற் பரிசோதனையும் இன்றி உயிர்ப்பறவை எதையும் நாட்டுக்குள் கொண்டுவர இயலாது. அந்தச் சட்டம் எங்கள் கோழிகளைப் புதிய நோய்களிலிருந்து காப்பதற்கானது. குறுக்குவழியில் தருவதாகச் சொல்பவரிடம் வாங்கவேண்டாம்.

அழகுக்காகத்தான் வளர்க்கவேண்டுமென்றால், கவசக் கினிக்கோழியிலேயே பல நிறங்கள் உள்ளன. சாம்பலில் வெண்புள்ளியிட்டது அதன் இயல்பான நிறம். வெளிர் நீலச் சாம்பலில் புள்ளியிட்டவையும், முழு வெள்ளையும், நெஞ்சு மட்டும் வெள்ளையானவையும் வளர்ப்பில் வந்தவை. வேம்பும் பூவரசும் நிற்கும் விரிந்த வளவில் இந்நிறங்கள் கலந்த பத்துப் பறவைகள் வரிசையாக நடப்பதைப் பார்த்தவர்கள், நீல நெஞ்சு இல்லையே என்று குறைப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி (வாசகி, சுன்னாகம்): கூட்டுக்குள் வராமல் இரவில் வேம்பில் ஏறி உறங்குகின்றன. மரநாய் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உயரத்தில் உறங்குவது அவற்றின் இயல்பு, ஆகவே கூட்டினுள்ளும் ஆள் உயரத்தில் கொம்பு வையுங்கள். தரையை மட்டும் கொண்ட கூட்டுக்குள் அவை விரும்பி நுழையா. புதிதாக வாங்கியவற்றை ஒரு மாதத்துக்கு மேலாக அடைத்து வைத்து, பின்னர் மாலையில் பசியோடு இருக்கும் நேரம் பார்த்துத் திறந்துவிடுங்கள். தினமும் பொழுதுபடுமுன் ஒரே வேளையில், ஒரே ஓசையிட்டு அழைத்து, சோளமோ குரக்கனோ கூட்டுக்குள்ளே மட்டும் தூவுங்கள். இருட்டான கூட்டுக்குள் நுழையத் தயங்குமாதலால் உள்ளே ஒரு சிறு மின்குமிழ் எரியட்டும். ஏற்கெனவே மரத்துக்குப் பழகிய பறவைகளைத் திருப்புவது கடினம். ஓரிரண்டைப் பிடித்து இரண்டு மூன்று கிழமை கூட்டில் அடைத்துவைத்தால், மற்றவை அவற்றின் குரலைத் தேடி அருகே வரத் தொடங்கும். அதற்குள் வேம்பின் அடிமரத்தில் அகன்ற தகரமொன்றைச் சுற்றி அடித்துவிடுங்கள். பக்கத்து மரக்கிளைகளும் கூரையும் அம்மரத்தைத் தொடாதபடி வெட்டிவிட்டால், மரநாய் அந்தத் தகரத்தைத் தாண்டி ஏறாது.